பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை

திருச்சி பொன்மலைப் பக்கம் எங்கள் வீடு. மார்கழி பிறந்தால் வெள்ளையடிப்பு. தொட்டியில் சுண்ணாம்புக் கல்லை நீற்றி, வஜ்ரமும் கொஞ்சம் நீலமும் கலந்து, மட்டையால் இழுத்து இழுத்து அடிப்பார்கள். கூடமும் சாமி அறையும் அடுத்த மார்கழி வரை அந்த வெள்ளையைக் காப்பாற்றும். அப்பாவின் அறை மட்டும் பங்குனி முடிவதற்குள் பழுப்பேறிவிடும்.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்ததும் சாய்வு நாற்காலி, வானொலி, பித்தளைச் சாம்பல் கிண்ணம். சாப்பாட்டுக்கு இலை போடும்வரை சிகரெட் அணையாது. சங்கத்து நண்பர்கள் வந்தால் காபியோடு சிகரெட்டையும் நீட்டுவார். அன்றைக்கு அதுதான் மரியாதை. பஸ்ஸிலும் சினிமாக் கொட்டகையிலும் புகைத்த காலம் அது. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்று 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. பிடிக்கிறவருக்குச் சொன்ன வார்த்தையாகத்தான் அதை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். “என்னங்க, சன்னலையாவது திறந்து வையுங்க” என்பாள் அம்மா. அதற்கு மேல் அவளும் பேசியதில்லை.

வெள்ளையடிக்கும் முன் ஜவுளிக்கடைக் காலண்டரைக் கழற்றுவோம். அது தொங்கிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் மஞ்சள். விட்டத்துக்குக் கீழே மஞ்சள் இன்னும் அடர்ந்து, மழைக்காலத்தில் சொட்டுச் சொட்டாகக் கோடு இறங்கியிருக்கும். “சுவர் அழுக்கு” என்று சொல்லிக்கொண்டோம். அந்த அறையில் நாங்கள் எல்லோரும் எதைச் சுவாசித்தோம் என்பதை அந்தக் கட்டம் வருஷா வருஷம் காட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதன்மேல் சுண்ணாம்பு அடித்தோம். ஒரு சிகரெட்டையும் தொடாத அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் இழுப்பு இருந்தது. புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த மஞ்சளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவள் மூச்சுத்தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது வீட்டை வாடகைக்கு விடுகிறோம். வரப்போவது தவழும் குழந்தையோடு ஒரு சின்னக் குடும்பம். அண்ணன் சில வருஷங்களுக்கு முன்பே பட்டி பார்த்து எமல்ஷன் அடித்திருந்தும், மஞ்சள் அதையும் தாண்டி வந்துவிட்டது. பெயிண்டர் தம்பி ஈரவிரலால் சுவரைத் தடவி மோந்து பார்த்தார். “அக்கா, இது சிகரெட்டுக் கறை. மேலாக்க ரெண்டு கோட்டு அடிச்சுட்டுக் காசு வாங்கிட்டுப் போயிடலாம். மழைக்காலத்துல மறுபடி எட்டிப்பாக்கும். மொதல்ல கழுவணும்” என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. புகையிலுள்ள தாரும் நிக்கோட்டினும் சுவரில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். நிக்கோட்டின் தண்ணீரில் கரையக்கூடியது. சுண்ணாம்பானாலும் எமல்ஷனானாலும் தண்ணீர்தான் ஆதாரம். அந்த ஈரம் கறையைக் கரைத்து, காயும்போது மேலே இழுத்து வந்துவிடுகிறது. எங்கள் வெள்ளை பங்குனியைத் தாண்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். விலை கூடின பெயிண்ட் வாங்கினாலும் இந்தக் கதை மாறாது.

மெயினை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கைப்பிடி சலவை சோடா, கையில் ரப்பர் உறை, பெரிய ஸ்பாஞ்சு. கீழிருந்து மேலாகக் கழுவினார். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கும். பிறகு அந்தக் கோடுகள் லேசில் போகாது. முதல் வாளித் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் மாறியது. நல்ல தண்ணீரால் இரண்டு தடவை துடைத்தார். சில இடங்களில் எமல்ஷன் உரிந்து வர, அடியில் இருந்த சுண்ணாம்பைத் தகட்டால் சுரண்டினார். உள்ளங்கையில் ஒரு பத்தை விழுந்தது. அதன் விளிம்பில் வெள்ளை, மஞ்சள், வெள்ளை, மஞ்சள் என்று மெல்லிய வரிகள். ஒவ்வொன்றும் ஒரு பொங்கல்.

சுவர் நன்றாகக் காய்ந்தபின் அரக்குப் பூச்சு. மர வேலைக்காரர்கள் பிரெஞ்சு பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் ஊறவைக்கும் அதே அரக்குதான். தண்ணீர் கலவாததால் மிச்சக் கறை அதற்குள் அடைபட்டுப்போகிறது. ஆயில் பிரைமரும் இதைச் செய்யும். அதற்கு மேல்தான் எமல்ஷன். பூசும்போது சன்னல் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும், அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: கழுவும் தண்ணீரில் அம்மோனியாவையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இத்தனை பாடு அழகுக்காக மட்டும் அல்ல. சுவரில் படிந்த நிக்கோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமின்களாக மாறுகிறது என்று 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தார் காட்டினார்கள். புகைப்பவர்கள் காலிசெய்த வீடுகளை சான் டியாகோவில் வேறு ஆய்வாளர்கள் சோதித்து, முடிவை 2011-ல் வெளியிட்டார்கள். சுத்தம் செய்து, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுகளிலும் தூசியிலும் சுவரிலும் நிக்கோட்டின் இருந்தது. புதிதாகக் குடிவந்த புகைக்காதவர்களின் விரல்களிலும் இருந்தது. தரையில் தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து, அதே கையை வாயில் வைக்கிற குழந்தைக்கு இதில் என்ன தப்பிப்பு?

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. பஸ்ஸும் கொட்டகையும் மாறிவிட்டன. வீட்டுக்குள் அந்தத் தடை வராது. அங்கே நாம்தான் சொல்ல வேண்டும். பேரன் பிறந்த அன்று அப்பா தானாகவே சிகரெட்டோடு வாசலுக்குப் போனார். அதற்கு முன்பே யாராவது கேட்டிருந்தால் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களே, புகைத்தவர் இருந்த அறை என்று தெரிந்தால் வெறும் வெள்ளை பூசிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கழுவுங்கள், அடையுங்கள், பிறகு பூசுங்கள். குடிபோகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் காலண்டர் ஆணிக்கு அடியில் சுவரை ஒரு தரம் பாருங்கள்.