ஒன்றுக்கு நூறு

வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்க நடக்கும்போது ஒரு கோயில் செட்டின் விலையைக் கேட்டேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். "இதென்ன பிரமாதம், பையனோட லெகோவில் நானே கட்டிடுவேன்" என்றது. மனைவி கடைக்காரரிடம், "வேண்டாம்ப்பா, வீட்டிலேயே ஸ்தபதி இருக்கார்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மயிலாப்பூரில் இருந்துகொண்டு வேறு எதைக் கட்டுவது? கபாலீஸ்வரர் கோயில் கிழக்கு ராஜகோபுரம்தான். 1906இல் எழுந்தது. ஏழு நிலை, 120 அடி.

லெகோ மனிதன் 4 செ.மீ. அவனை ஐந்தரை அடி ஆளாக வைத்துக்கொண்டால் அளவு ஒன்றுக்கு 42. கோபுரம் 87 செ.மீ. வரும். ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. ஆக, 91 வரிசை. கையில் இருந்ததோ ஒரு போலீஸ் ஸ்டேஷன் செட்டும் சில்லறையும். ஒன்றுக்கு நூறு என்று இறங்கி வந்தேன். 38 வரிசை: அடித்தளத்துக்கு 8, நிலைக்கு 4 வீதம் 28, சிகரத்துக்கு 2. கணக்கு கனகச்சிதம்.

ஆனால் ஒன்றுக்கு நூறில் லெகோ மனிதன் 13 அடி! போதாததற்குச் சிற்ப சாஸ்திரம் வேறு குறுக்கே வந்தது. முகத்தின் நீளம் ஒரு தாலம். பிள்ளையாருக்கே ஐந்து தாலம் உண்டு. இவனுக்கு நாலுதான் தேறியது. இரண்டு பேரை வாசலில் துவாரபாலகர்களாக நிறுத்திவிட்டேன். தொப்பியைக் கழற்ற மறக்கவில்லை.

எட்டுக் குமிழ் கட்டை ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாகப் பொருத்தலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்று ராத்திரியில் அதில் பாதியை நான் பார்த்திருப்பேன். கோபுரம் மேலே போகப் போகக் குறுக வேண்டும். அதற்குச் சாய்வுக் கட்டை வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்கு மொட்டை மாடி. வேறு வழியில்லாமல் செங்குத்தாகவே ஏற்றினேன். 'போலீஸ்' என்று எழுதிய கட்டையை மூன்றாம் நிலையில் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

கொலுவன்று மனைவி கோபுரத்துக்குப் பக்கத்தில் அவள் பாட்டி காலத்துச் செட்டியாரை உட்கார்த்தினாள். அரையடி பொம்மை.

"ஒன்றுக்கு நூறில் இவர் 50 அடி ஆகிறார்!" என்று பதறினேன்.

"அவர் கடைக்கு எதிரே நிற்கிற யானை அவரோட பருப்பு மூட்டை உசரம்தான். இத்தனை வருஷத்துல யானை எதுவும் சொல்லலை" என்றாள்.

சரிதானே? தசாவதாரத்தை விடப் பெரிய கல்யாண செட், மலையை விட உயரமான முருகன், எல்லாரும் அதே படிகளில் சண்டையில்லாமல் ஒன்பது நாள் குடித்தனம் நடத்துகிறார்கள். ஸ்கேலோடு வந்து உட்கார்ந்தவன் நான் ஒருத்தன்தான்.

மனம் தெளிந்து சுண்டலை வாயில் போட்டபோது எதிர்வீட்டு மாமி உள்ளே வந்தார். படியையே உற்றுப் பார்த்தார்.

"அடடா, எல்.ஐ.சி. பில்டிங்! தத்ரூபமா இருக்கே, யார் பண்ணினது?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மனசுக்குள் ஸ்கேலை மறுபடி எடுத்தேன். அண்ணா சாலை எல்.ஐ.சி., 1959, 177 அடி. அப்படியானால் ஒன்றுக்கு 147.

செட்டியார் இப்போது 74 அடி.

"நான்தான் மாமி" என்றேன்.