வீட்டு ஆர்கேட் பெட்டியும் காசுத் துளைச் சிக்கலும்: ஓர் ஆய்வு

வீட்டில் இல்லாவிட்டால் யாருக்கும் எந்தக் குறையும் நேராத பொருள்களுள், ஆள் உயர வீடியோ கேம் மெஷினுக்குத் தனியிடம் உண்டு. அதைத் தம் கையாலேயே அறுத்து, ஒட்டி, ஒயர் இழுத்துச் செய்து முடிப்போர் அமெரிக்க வீடுகளின் கார் ஷெட்டுகளில் மிகுதியாகக் காணப்படுகின்றனர். அந்த ஆட்டங்களை லேப்டாப்பிலேயே ஆடலாம் என்றிருக்க, இவர்கள் ஏன் பலகை அறுக்கிறார்கள் என்பதே நம் ஆய்வுப் பொருள். விளையாடுவதற்காக என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை எனின், கூறுதும்.

முதற்கண் மூலம். இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் மேம் என்னும் மென்பொருளை வெளியிட்டார். கடைகளில் காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் மெஷினின் சில்லுகள் செய்த வேலையைச் சாதாரணக் கம்ப்யூட்டர் அப்படியே நடித்துக்காட்ட அது வழி செய்தது. கீபோர்டில் 5-ஐத் தட்டினால் காசு போட்டதாகக் கணக்கு. 1-ஐத் தட்டினால் ஆட்டம் தொடங்கும். விளையாட வந்தவனுக்கு இவ்வளவு போதும். உளியும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். மேமோடு ஆட்டங்கள் வருவதில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அவை எங்கிருந்து வந்தன என்ற இடம் வந்ததும் உரைகாரர்கள் எல்லோரும் அடுத்த சூத்திரத்துக்குத் தாவிவிடுகிறார்கள். யாமும் அவ்வாறே.

அடுத்தது மரம். எம்.டி.எஃப் பலகையா, பிளைவுட்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எம்.டி.எஃப் வழவழப்பானது, பெயின்டை நன்றாக ஏற்கும். ஆனால் கனம், விளிம்பில் ஸ்குரூ ஏற்றினால் பிளக்கும், அறுத்தால் கிளம்பும் தூள் கண், மூக்கு, காயப்போட்ட துணி என்ற பேதம் பாராது. பிளைவுட் அதைவிட லேசு, ஸ்குரூவை இறுகப் பிடிக்கும், ஆனால் விளிம்பு பல்லிளிக்கும். முக்கால் அங்குலப் பலகையின் விளிம்பில் மெல்லிய பள்ளம் ஓட்டி, டி வடிவப் பிளாஸ்டிக் பட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டால், உள்ளே இருப்பது எது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியப்போவதில்லை. இருந்தும் வாதம் தொடர்கிறது. பெட்டியை முடித்த பிறகு வீட்டுக் கதவின் அகலத்தை அளப்பது மரபு.

இதனினும் நுட்பமானது திசை. 1980-இல் நாம்கோ நிறுவனத்துக்காகத் தோரு இவாத்தானி படைத்த பேக்-மேன் நான்கு திசையில் மட்டுமே நடப்பவர். வாஸ்து அறிந்தோர் கவனிக்க: அவருக்கு ஈசானியமும் இல்லை, கன்னி மூலையும் இல்லை. துரத்தும் பேய்கள் நான்குக்கும் அதே விதி. எண்திசை ஜாய்ஸ்டிக்கில் அவரை ஓட்டும்போது கை தன்னையறியாமல் மூலைக்குச் சாய்ந்தால், மேலே போவதா, வலப்பக்கம் திரும்புவதா என்று அவர் திணறுவார். பேய் திணறாது. சண்டை ஆட்டங்களிலோ மூலை இல்லாமல் கதை நடக்காது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஜாய்ஸ்டிக்கைக் கீழிருந்து மூலைவழியாக முன்னுக்கு உருட்டினால்தான் நெருப்புருண்டை பறக்கும். ஆகவே நால்திசைச் சமயம், எண்திசைச் சமயம் என இரண்டு தோன்றின. ஜாய்ஸ்டிக்கின் அடியிலுள்ள தடுப்புத் தகட்டை மாற்றிப் போட்டு இரண்டையும் ஆடலாம் என்பது சமரச மார்க்கம். அதற்குப் பட்டன் பலகையைத் திறக்க வேண்டும். திறந்தவன் உள்ளே ஒயர்கள் கிடக்கும் கிடையைப் பார்த்து, அவற்றை நிறவாரியாகப் பிரித்துக் கட்டத் தொடங்கி, பேக்-மேனையே மறந்துபோவான். நம் கருதுகோளுக்கு இது முதற் சான்று.

திரையைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. பளிச்சென்ற புதுத் திரையைக் காசு கொடுத்து வாங்கி, பழைய டி.வி. போலக் குறுக்கே கறுப்புக் கோடுகள் தெரியும்படி மென்பொருளால் மங்கலாக்கிக்கொள்கிறார்கள். அசல் படக்குழாய்தான் வேண்டும் என்று நிற்போர், அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கி ஆளைத் தூக்கியடிக்கும் பொருளுக்குள் துணிந்து கையை விடுபவர்கள். அவர்களோடு வாதம் செய்வதற்கில்லை.

இனிக் காசுத் துளை. சொந்த வீட்டில், சொந்த மெஷினில், சொந்தக்காரனே காசு போடுவது யாருக்கு யார் தரும் கூலி? துளை வேண்டா என்பார், 5-ஐத் தட்டும் வேலையை ஒரு பட்டனிடம் ஒப்படைத்துவிடுவர். வேண்டும் என்பார், பழைய மெஷினில் கழற்றிய இரும்புக் காசுக்கதவைத் தேடிப் பிடித்து மாட்டி, 25 சென்ட் கேட்கும் விளக்கையும் எரியவிடுவர். மூன்றாவது சாராரும் உளர். ஆய்வாளன் நடுநிலை தவறி இவர்கள் பக்கம் சாய்கிறான். சிக்கிய காசைத் திருப்பிக் கேட்க அக்கதவில் ஒரு பட்டன் இருக்கும் அல்லவா? அதற்குப் பின்னால் ஒரு மைக்ரோசுவிட்சை வைத்து, அழுத்தினால் காசு விழுந்ததாகக் கணக்கேறும்படி செய்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவனைப் பணம் கட்டியவனாகப் பதியும் கணக்கு வேறு எந்தக் கடையிலும் கிடையாது.

கடா: காசே சேராத பெட்டிக்குப் பூட்டு எதற்கு? விடை: சாவி இருப்பதற்கு.

பெட்டியில் காசு சேர்ந்த காலமும் உண்டு. 1972-இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் அடாரி நிறுவனம் பாங் என்னும் ஆட்டத்தின் முதல் மெஷினை வைத்தது. கொஞ்ச நாளில் அது நின்றுபோனது. அதைச் செய்த பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், பழுது ஏதுமில்லை. காசு நிரம்பி அடைத்திருந்தது. வீட்டு மெஷினுக்கு இந்தக் கோளாறு வர வழியே இல்லை. அங்கே சாவியால் திறந்து எடுத்துத் திரும்பத் திரும்பப் போடப்படுவது அதே நான்கு 25 சென்ட் காசுகள்தாம். ஆயினும், நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்று, காசு விழும் இடத்தில் கொஞ்சம் பெரிய டப்பாவாகவே பார்த்து வைக்கிறார்கள்.