சுண்டல் வழங்கும் அம்மாள்

புரட்டாசி அமாவாசை கழிந்து மாகறலில் கொலுப்படிகள் ஏறிவிட்டால், திருமாகறலீசுவரர் சந்நிதிக்கு அடுத்தபடியாகக் குழந்தைக் கூட்டம் சேருமிடம் எதுவென்று ஒருவரும் விசாரிக்க வேண்டியதில்லை; தாளித்த பெருங்காயத்தின் வாசனை எந்த வீட்டிலிருந்து தெருக்கோடியை எட்டுகிறதோ, அந்த வீடுதான். அங்கே கூடத்து வாசற்படியில், பித்தளைத் தூக்கும் சிறு கரண்டியுமாக அம்மாள் ஒருத்தி வீற்றிருப்பாள். அந்தக் கரண்டி வருஷத்தின் மற்ற நாட்களில் எவர் கண்ணிலும் படுவதில்லை என்பதும், அதன் குழிவில் பதினைந்து கொண்டைக்கடலைக்கு மேல் பதினாறாவது நிற்காது என்பதும் ஊர்க் குழந்தைகள் பரம்பரையாக அறிந்து வைத்திருக்கும் ரகசியங்கள்.

இவளைக் கருமி என்று சொல்வது அபவாதம். ஒன்பது நாளும் ஊறவைத்து, வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டுக் கொடுக்கிறவளைக் கருமி என்னலாமா? வெறுமனே கொடுப்பதில்தான் அவளுக்குச் சம்மதமில்லை. சுண்டலுக்கு முன்னால் ஒரு விசாரணையும், விசாரணைக்குப் பின்னால் ஒரு சங்கீதப் பரீட்சையும் நடந்தாக வேண்டும்.

“யார் வீட்டுப் பிள்ளைடா நீ?”

“கோர்வை நெய்யறாரே, அவர் பேரன்.”

“உங்க தாத்தா தறியில உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டாரே! நீ என்னடான்னா நிக்கிற இடத்துல நிக்க மாட்டேங்கிற. சரி, ஒரு பாட்டுப் பாடு. சினிமாப் பாட்டு வேண்டாம்.”

திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலமாகையால், தேவாரத்தில் இரண்டு அடியாவது வராத பிள்ளைக்கு இங்கே மதிப்பில்லை. சம்பந்தரும் குழந்தைதான், ஆனால் அவருக்குச் சீகாழிக் குளக்கரையிலேயே ஞானப்பால் முன்பணமாகக் கிடைத்துவிட்டது. நம் பிள்ளைகளோ, தூக்கின் மேல் வைத்த கண் வாங்காமல், சுருதியும் தாளமும் தத்தம் வழியே போகப் பாடி முடித்த பிறகுதான் கையை நீட்ட வேண்டியிருக்கிறது.

கொலுவுக்கு அழைக்கக் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போகும் குழந்தைகளுக்குக் கிருஷ்ணன், ஆண்டாள் என்று வேஷம் கட்டி அனுப்பும் வழக்கம் ஒன்று உண்டு. அப்படி நீலம் பூசிக்கொண்டு வந்த கிருஷ்ணன் ஒருவன், தன் பங்கை வாங்கித் தின்றுவிட்டு, கிரீடத்தைக் கழற்றி, முகத்தைக் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு பரம சாதுவாக வரிசையின் கடைசியில் வந்து நின்றான். அம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. காதை மடக்கிப் பின்புறம் பார்த்தாள். அங்கே நீலம் அப்படியே இருந்தது. “அவதாரம் மாறினா அரைக் கரண்டிதான்” என்று தீர்ப்பாயிற்று.

விநியோகம் என்பது விளையாட்டுக் காரியமல்ல என்பதற்கு இவ்வூர் ஸ்தல புராணமே சாட்சி. பிரமன் வைத்த பலாமரம் தினம் ஒரு கனி தர, அதைத் தில்லைக்குச் சுமந்துபோய் நடராஜருக்கு நிவேதித்து, பின்பு அரசனுக்கு அனுப்புவது வழக்கமாயிருந்ததாம். சுமக்கும் முறை தன் வீட்டுக்கு வந்தபோது, ஒரு சிறுவன் மரத்தையே கொளுத்திவிட்டானாம். சுமக்கிறவனுக்குச் சுளை இல்லையென்றால் வேறு என்ன நடக்கும்? இதை நன்கு உணர்ந்தவள் ஆகையால், அடுத்த தெருவுக்குச் சுண்டல் கொண்டுபோகும் பையனுக்கு மட்டும் அம்மாள் பாட்டில்லாமலே ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுவிடுவாள்.

இந்த ஜாதி அம்மாள் ஒருத்தி, மகனோடு சில மாதம் இருக்க நியூஜெர்சிக்குப் போனாள். அங்கே அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன். பேயும் பிசாசும் சூனியக்காரியுமாக வேஷம் போட்ட குழந்தைகள், வாசலில் விளக்கு எரிகிற வீடுகளையெல்லாம் தட்டி மிட்டாய் வாங்கிப் போவார்கள். மிட்டாயை ஒரு கிண்ணத்தில் கொட்டி, ‘ஒன்று எடுத்துக்கொள்ளவும்’ என்று சீட்டு எழுதி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்றாள் மருமகள். கொடுக்கிறவள் இல்லாமல் ஒரு கொடையா! அம்மாள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் வந்த வெள்ளைத் துணிப் பேயைத் தமிழிலேயே பாடச் சொன்னாள். கையால் தாளம் போட்டுக் காட்டியதும் பேய்க்கு விஷயம் விளங்கிவிட்டது. ‘டுவிங்கிள் டுவிங்கிள்’ பாடிற்று. முழுவதையும் தலையசைத்துக் கேட்டு, ஒரே ஒரு சாக்லேட்டை அதன் பையில் போட்டுவிட்டு, “வெள்ளிக்கிழமை உங்க அம்மாவை வெத்தலை பாக்கு வாங்கிக்க வரச் சொல்லு” என்று அனுப்பி வைத்தாள்.