யானைக்குக் கரை கட்டுகிறவர்

அமெரிக்காவில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் நெருங்கினால், அதே ஊரில் யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் குனிந்து இரண்டு டஜன் யானைகளுக்குக் கண் வைத்துக்கொண்டிருப்பார். விலங்கு வடிவக் குக்கிகளைச் சுட்டு, மேலே ராயல் ஐசிங் போட்டு, ஆர்டருக்கு விற்பவர். உலகம் இவரைச் சமையற்கலைஞர் என்கிறது. குழந்தைப் பிரியர், விலங்கு நேசர் என்றும் சேர்த்துக்கொள்கிறது. எல்லாமே இருக்கலாம். ஆனால் அடிப்படையில் இவர் சமையலறையில் மாட்டிக்கொண்ட பாசனப் பொறியாளர்.

குக்கியின் ருசி எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "வெண்ணெய், வெனிலா" என்று முடித்துவிடுவார். ஐசிங் பற்றிக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நீங்கள் உட்கார வேண்டும். ஐசிங் சர்க்கரை, பச்சை முட்டையில் கிருமி பயம் என்பதால் வெள்ளைக்கருவுக்குப் பதில் மெரிங் பவுடர், பிறகு தண்ணீர். முதல் இரண்டும் கடைச்சரக்கு. விவகாரமெல்லாம் தண்ணீரில்தான். சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, மேலே கத்தியால் ஒரு கோடு கிழித்து, அது மூடிக்கொள்ள எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவார். 15, 20 விநாடி என்றால் உள்ளே நிரப்பலாம். அசையாமல் நின்றால் ஓரத்துக்கு. யானையின் விளிம்பெங்கும் கெட்டி ஐசிங்கால் கரை கட்டி, உள்ளே இளகியதைப் பாய்ச்சி, குமிழிகளை ஊசியால் உடைப்பார். காதுக்கும் முகத்துக்கும் ஒரே சமயத்தில் பாய்ச்சினால் இரண்டும் கலந்து யானை பன்றியாகிவிடும். ஆகவே முகத்தில் ஆடை கட்டும்வரை காது காத்திருக்க வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் வெள்ளைப் பசுவின் கறுப்புத் திட்டுகள் கசிந்து, விடியும்போது தட்டில் சாம்பல் பசு நிற்கும். வானிலை அறிக்கையை இவ்வளவு கவலையோடு கேட்கிற இன்னொருவர் விவசாயிதான்.

விலங்குகளிடம் இவர் காட்டும் பாரபட்சமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. செம்மறியாடு செல்லப்பிள்ளை, எந்தப் பிசகையும் கம்பளிச் சுருள் மறைத்துவிடும். ஒட்டகச்சிவிங்கி ஜென்மப் பகை. தட்டிலிருந்து எடுக்கும்போதே கழுத்து ஒடியும். ஒடிந்ததை ஒட்டுவதும் அதே ஐசிங்தான். இஞ்சி ரொட்டி வீடுகளின் சுவர்களே அதன் பலத்தில்தான் நிற்கின்றன. பிறந்தநாள் தட்டில் ஓர் ஒட்டகச்சிவிங்கி மட்டும் மப்ளர் கட்டியிருந்தால், ஏன் என்று கேட்பது நாகரிகமல்ல.

இத்தனை பாடு எதற்கு, கடையில்தான் விலங்கு பிஸ்கட் விற்கிறதே என்பார்கள். விற்கிறது, நேஷனல் பிஸ்கட் கம்பெனி 1902-லேயே சர்க்கஸ் கூண்டு வண்டி போட்ட பெட்டியில், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடக் கயிறோடு விற்றது. 2018-ல் ஒரு விலங்கு உரிமை அமைப்பின் கோரிக்கைக்குப் பின் பெட்டிப் படத்திலிருந்த கூண்டை எடுத்து விலங்குகளை விடுவித்தார்கள். உள்ளே இருப்பவை வெளிர்ப் பழுப்பில் எல்லாம் ஒரே ஜாடை. கரடியா கொரில்லாவா என்று தின்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நம்மவர் அந்தச் சுமையைக் குழந்தைமேல் ஏற்றுவதில்லை.

ஒரே கடியில் போகிறதே என்ற ஆட்சேபமும் நிற்காது. குழந்தை நேராகத் தும்பிக்கையைக் கடித்தால் அது யானை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டது என்று பொருள். சங்கடம் பெரியவர்களால்தான். "சாப்பிட மனசே வரலைங்க" என்று கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். காய்ந்த ஐசிங் சுண்ணாம்புபோல் இறுகி அங்கேயே கிடக்கும். வட குரோஷியாவில் லிசித்தார் எனப்படும், சிவப்புப் பூச்சுப் போட்ட இதய வடிவ இஞ்சி ரொட்டிகளை அன்பளிப்பாகக் கொடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். 2010-ல் யுனெஸ்கோவே அந்தக் கைத்தொழிலைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வைத்துக்கொள்கிறவர் அங்கே ரசிகர். இங்கே, ருசியே பார்க்காத வாடிக்கையாளர்.

கடைசி ஆட்சேபம் விலை. வீட்டில் சுட்டதை விற்பதற்குச் சட்டமே தயங்கித்தான் வழிவிட்டது. நியூ ஜெர்சி 2021-ல்தான் அனுமதித்தது. அனுமதி வந்தும் பேரம் போகவில்லை: "பாதி நேரம் அது தானே காயுது, அதுக்கு என்ன கூலி?" காய்வது ஐசிங்தான், ஆனால் அந்த இரவு முழுக்க மின்விசிறியை யாரும் அணைக்கக்கூடாது, ஆவி கிளம்பும் என்பதால் பாஸ்தாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கக்கூடாது. குடும்பத்துக்கு வெளியிலிருந்து பீட்சா வருகிறது. நியாயமாகப் பார்த்தால், அதன் விலையும் அந்த டஜனின் விலைக்குள் வர வேண்டும்.