வெட்டியும் நிற்கும் மரம்

கேள்வி: பைத்தானில் ஒரு வாக்கியத்திலிருந்து ‘மரம்’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் நீக்க ரிப்ளேஸ் போட்டேன். பிரிண்ட் செய்தால் எல்லா மரமும் அப்படியே நிற்கிறதே, ஏன்?

பதில்: வெட்டியது உண்மை, வெட்டியதை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை! பைத்தானில் ஸ்ட்ரிங்கை மாற்றவே முடியாது. ரிப்ளேஸ் புதிய ஸ்ட்ரிங் ஒன்றைச் செய்து நீட்டும். அதை ஒரு வேரியபிளில் வாங்கிவையுங்கள், காடு காலி. (ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போனால் கவனம். அங்கே ரிப்ளேஸுக்கு வெறும் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் முதல் மரத்தோடு நிறுத்திக்கொள்ளும். ரிப்ளேஸ்ஆல் 2021 தரத்தில்தான் வந்தது.)

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். ‘மமரம்ரம்’ என்று எழுதி நீக்கிப் பாருங்கள். நடுவில் இருந்தது போனதும் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு புது ‘மரம்’ முளைக்கும்! ரிப்ளேஸ் இடமிருந்து வலமாக ஒரே நடை போகும், திரும்பிப் பார்க்காது. ஸ்கிரிப்ட் குறியை ஒருமுறை மட்டும் நீக்கும் வடிகட்டிகளை ஹேக்கர்கள் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். மிச்சமே கூடாதென்றால், ‘மரம்’ இருக்கும்வரை ஓடும் வைல் லூப் போடுங்கள். நீக்கவேண்டியது வெற்று ஸ்ட்ரிங்காக மட்டும் இருக்கவே கூடாது. பைத்தான் கணக்கில் அது எல்லாச் சொல்லிலும் உண்டு. லூப் விடியவிடிய ஓடும்.

தமிழுக்கென்று ஒரு நுட்பமும் உண்டு. யூனிகோடில் ‘பா’ என்பது ‘ப’வும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீடு. ‘ப’வை நீக்கச் சொன்னால் ‘பாடம்’ என்பதில் துணைக்கால் மட்டும் அநாதையாக நிற்கும். முழு எழுத்துகளாகப் பிரித்துக்கொண்டு பிறகு நீக்குங்கள்.