சென்சாரு மாட்டுன மருமவனுக்கு

வாரும் மருமவனே. சட்டைக் கையச் சுருட்டிவிட்டுட்டு வாரதப் பாத்து, கவர்மெண்டுல ஏதும் பதக்கம் குத்திவிட்டாவளோன்னு நெனச்சேன். சுகர் பாக்குற சென்சாரா? நல்லது, 14 நாளு ஊருக்கெல்லாம் காட்டலாம்.

முன்ன உமக்கு எம்புட்டு வசதி! டெஸ்டுக்கு மொத நாளு கஞ்சியும் கோவக்காயுமா விரதம். ரிப்போட்ட வாங்குன கையோட அல்வாக் கடை. ஹெச்பிஏ1சி டெஸ்டு வந்து மூணு மாசக் கணக்க மொத்தமாக் காட்டிச்சு. ஆனா எந்த நாளு, எந்தப் பண்டம்னு அதுக்குத் தெரியாதுல்லா, தப்பிச்சீரு. இப்ப? எல்லாரும் உறங்குன பொறவு அடுக்களையில நீரு தின்ன அதிரசம் போன்ல செங்குத்தா ஏறி நிக்கி.

நேத்துப் பந்தியில வடைய மென்னுக்கிட்டே போனப் பாத்து, "ஏறவேயில்ல மாமா"ன்னு இன்னொண்ண எடுத்தீரே! சென்சாரோட இழை ரத்தத்துலயா நிக்கி? தோலுக்கடியில உள்ள நீர்லல்லா நிக்கி. வட செரிச்சு, ரத்தத்துல ஏறணும், பொறவு அங்க வந்துசேர இன்னும் அஞ்சு பத்து நிமிசம். மோட்டாரப் போட்டதும் கடைசிப் பாத்தி நனையுமாவே?

சென்சாரு மாட்டுன கைய அமுக்கிப் படுத்தா 60ன்னு பொய்யும் சொல்லும். பொரண்டு படுத்து, வெரல்ல குத்திப் பாரும். ஆனா கை நடுங்கி, வேத்து ஊத்துனா ஆராய்ச்சி வேண்டாம். மூணு ஸ்பூன் சீனியக் கரைச்சுக் குடிச்சுட்டு, கா மணி நேரங் கழிச்சுத் திரும்பப் பாரும். இதான் சாக்குன்னு அல்வாவத் தேடாதேயும். நெய்யி சீனிய மெதுவாத்தான் உள்ள விடும்.

181ன்னு கண்டதும் மூஞ்சத் தொங்கப் போடாதேயும். 70க்கும் 180க்கும் நடுவுல, நாளுல நூத்துக்கு 70 பங்கு நேரம் நின்னாப் போதும்னுதான் பெரும்பாலான ஆளுகளுக்கு டாக்டர்மாரு சொல்லுதாவ. என்ன மாதிரி கெழடுகளுக்கு, சுகர் எறங்கி விழுந்துரக் கூடாதுன்னு, 50 பங்கே போதுமாம். பொறாமப்படாதேயும், உமக்கும் வயசாகும்.

மத்தியானம் சாப்பிட வாரும். அவரைக்காயும் கீரையும் மொதல்ல, சோறு பொறவு, ஏத்தம் மட்டுப்படும். தின்னதும் போனத் தூக்கிக்கிட்டுக் கட்டில்ல சாயாம, தோட்டம் வரைக்கும் எங்கூட நடந்துட்டு வாரும். மாத்திரையக் கூட்ட, கொறைக்க மட்டும் டாக்டரக் கேளும். அதுக்கு நான் ஆளில்ல.