ஐம்பது வெள்ளிக்கு எவ்வளவு ஓடும்?

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், தெலுக் பங்லிமா காராங் நெருங்கும்போது, இடது தடத்தில் ஒரு கார் எண்பதைத் தாண்டாமல் போய்க்கொண்டிருக்கும். பின்னால் வரும் துறைமுகத்துக் கொள்கலன் லோரி விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டும். முன்னால் போகிறவர் அசைய மாட்டார். அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். அவர் தூங்கவில்லை, சேமித்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் மைலேஜ் அண்ணன்.

தாமானுக்கு ஒருவராவது இப்படி உண்டு. கல்யாண வீட்டில் ஊரே "சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் "லிட்டருக்கு எவ்வளவு ஓடுது?" என்பார். மாப்பிள்ளை பெஸ்ஸா கார் வாங்கியிருக்கிறார் என்று காதில் விழுந்தால் மணவறைக்கே போய்விடுவார். "ஐம்பது வெள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர் தம்பி?" மாப்பிள்ளை "தெரியலண்ணே" என்று சொல்லிவிட்டால், பெண்ணைப் பெற்றவரை ஒரு பார்வை பார்ப்பார். இந்தப் பையனை நம்பியா பெண்ணைக் கொடுத்தீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

அண்ணனின் காரில் சாமி படத்துக்குக் கீழே ஒரு நோட்டு இருக்கும். தேதி, மீட்டர், லிட்டர், வெள்ளி என்று நான்கு பத்தி. எண்ணெய் போடுவதானால் எப்போதும் ஒரே நிலையம், ஒரே பம்ப். இரண்டு பம்ப் காலியாகக் கிடந்தாலும் மூன்றாவதற்காகக் காத்திருப்பார். தரை கொஞ்சம் சாய்வாக இருந்தாலும் பம்ப் நிற்கும் இடம் மாறும், கணக்கு கெட்டுவிடும். முதல் 'டக்' கேட்டதும் கையை எடுத்துவிடுவார். அதற்கு மேல் ஊற்றுகிறவர்களைப் படிக்காதவர்கள் என்று நினைப்பவர் அவர்.

ஆனால் அவருடைய உண்மையான கோயில் காற்றடிக்கும் மூலைதான். விடிகாலையிலேயே வந்துவிடுவார். ஓடிச் சூடான டயரில் காற்று விரிந்து அளவு கூடுதலாகக் காட்டும். ஆறின டயரில் பார்ப்பதுதான் சரி. வால்வு மூடியை உதட்டில் கவ்விக்கொண்டு குந்துவார். இயந்திரம் பீப் பீப் என்று கத்தி, போதும் என்று சொல்லும். அண்ணன் நம்ப மாட்டார். சட்டைப் பையிலிருந்து சொந்த கேஜை எடுத்து அழுத்துவார். புஸ்ஸென்று கொஞ்சம் காற்று போய்விடும். போனதை ஈடுகட்ட மறுபடி குழாயை மாட்டுவார். பின்னால் மைவி காரில் ஒரு இளைஞன் காத்திருப்பான்.

"அண்ணே, இன்னும் எத்தனை டயர்ணே?"

"நாலுதான் தம்பி. ஸ்பேர் வீட்ல இருக்கு."

"வீட்லயா?"

"பன்னெண்டு கிலோ இருக்கும்டா. சும்மா எதுக்குச் சுமந்துட்டுத் திரியணும்?"

நாற்பத்தைந்து கிலோ ஏறினால் சிறிய காரில் எண்ணெய் ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும். அந்தக் கணக்கில் ஸ்பேர் டயர் கால் விழுக்காடு. அந்தக் கால் விழுக்காட்டை அவர் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒருநாள் நெடுஞ்சாலையில் ஆணி குத்தியபோது இழுவை லோரிக்காரனிடம் மொத்தமாகக் கொடுத்தார்.

அதற்காக அவர் பேசுவதெல்லாம் பிதற்றல் என்று நினைக்கக் கூடாது. மைவி இளைஞனின் 17 அங்குல ரிம்மைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. கனமான ரிம்மைச் சுழற்ற இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். அகலமான டயர் காற்றையும் கூடுதலாகத் தள்ள வேண்டும். காற்று விஷயத்திலும் அப்படித்தான். டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அமுங்கி எழுகிறது. அமுங்கும்போது வாங்கிய சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. மிச்சம் சூடாகப் போய்விடும். காற்று குறைந்தால் டயர் அமுங்குவது கூடும், சூடும் கூடும், எண்ணெயும் கூடும். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் 0.2 விழுக்காடு போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அண்ணன் இதைக் கந்த சஷ்டி கவசம் மாதிரி சொல்வார்.

அவருடைய தாத்தா கோலலங்காட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்த மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பேரனுக்கு ரப்பர் விட்ட பாடில்லை. 1992-இல் மிச்சலின் கம்பெனி டயரில் சிலிக்கா கலந்து எண்ணெய்ச் செலவைக் குறைத்த கதையையும், அதே வேலைக்காக மலேசிய ரப்பர் வாரியம் இயற்கை ரப்பரைப் பக்குவப்படுத்தி 'எக்கோப்ரேனா' கொண்டுவந்த கதையையும் தே தாரிக் ஆறும்வரை சொல்வார். தே தாரிக் காசை நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஏசி விஷயத்தில் மட்டும் அவருக்குக் குடும்பத்தில் எதிர்ப்பு உண்டு. மெதுவாகப் போனால் ஜன்னலைத் திறந்து ஏசியை அணைக்க வேண்டும். வேகம் கூடினால் ஜன்னலை மூடி ஏசியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் காற்று காரை இழுக்கும். சட்டம் சரிதான். ஆனால் பந்திங் சாலையில் சமிக்ஞை விளக்குகளுக்குப் பஞ்சமில்லை. "ஏத்து… இறக்கு… ஏத்து…" அண்ணனின் மனைவி, நம் அக்கா, ஒருநாள் பொறுமை இழந்தார்: "ஏங்க, நான் என்ன லிப்ட்டுல வேலைக்கா வந்திருக்கேன்?"

அண்ணனின் பெருமை உச்சத்துக்குப் போவது டயர் தேயத் தேயத்தான். நோட்டில் எண் மெல்ல ஏறும். "வண்டி பழக்கத்துக்கு வந்துடுச்சு" என்பார். நடப்பது வேறு. தேய்ந்த டயர் உருள்வது கொஞ்சம் சுலபம், அது உண்மை. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. 175/65 ஆர் 14 டயரின் விட்டம் புதிதாக இருக்கும்போது சுமார் 583 மில்லிமீட்டர். மொட்டையாகும்போது பத்து மில்லிமீட்டர் குறைந்துவிடும். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். மீட்டரோ சுற்றைத்தான் எண்ணும். நூறு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 102 என்று எழுதும். தேர்வு எழுதுகிறவரும் அண்ணன், திருத்துகிறவரும் அண்ணன். இரண்டு மார்க் சும்மா வருகிறது. யார் வேண்டாம் என்பார்கள்?

சாயங்கால மழையில் பிரேக் பிடித்தும் கார் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே போன அன்றுதான் டயர் கடைக்குப் போனார். டயர் பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியும் குற்றம் என்று கடைக்காரத் தவுக்கே எடுத்துக்காட்டினார். நான்கு டயரும் மாற்றியாயிற்று. அடுத்த புல் டேங்கில் மைலேஜ் இறங்கிவிட்டது. அண்ணன் நோட்டோடு கடைக்குப் போனார். "தவுக்கே, என்ன டயர் இது? எண்ணெய் குடிக்குது!" தவுக்கே நோட்டை ஒரு தடவை பார்த்தார், அண்ணனை ஒரு தடவை பார்த்தார், அடுத்த காருக்கு ஜாக்கி வைக்கப் போய்விட்டார்.

இத்தனையும் தாங்கிய அண்ணனை ஆட்டிவைத்தது அரசாங்கம்தான். 2025 செப்டம்பர் 30 முதல் 'புடி 95' திட்டத்தில் மைகார்டைக் காட்டினால் ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரைக்கும் என்று வந்தது. ஐம்பது வெள்ளிக்கு 25 லிட்டர் என்று கணக்குப் போட்டு முதல் வாரம் குதூகலமாகத்தான் இருந்தார். மாதக் கடைசியில் முகம் வாடிவிட்டது. அவர் போட்டது 80 லிட்டர். மீதி 220 அடுத்த மாதத்துக்கு வராது. ஒரு சொட்டை வீணாக்காத மனுஷனுக்கு 220 லிட்டர் சலுகை கண்ணெதிரே போகிறது. போடாவிட்டால் நஷ்டம், போட்டாலோ அது செலவு.

இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, "கிளம்பு, மோரிப் கடற்கரைக்குப் போவோம்" என்றார். அக்கா பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். போனார்கள். இடது தடம், எண்பது, டயரில் காற்று கச்சிதம். திரும்பி வந்து டேங்கை நிரப்பினார். மூன்று லிட்டரில் 'டக்'.

பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் நோட்டோடு நின்றவரிடம் அக்கா ஜன்னலை இறக்கிச் சொன்னார்: "விடுங்க. இன்னும் எழுபத்திரண்டு தடவை மோரிப் போயிட்டு வந்தா கணக்கு நேராயிடும்."